குழந்தைவேலு கொடுத்த ஒரு பாட்டில்

6 ஜனவரி 2012, வெள்ளி

நோட்டுப் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. காய்ச்சல் எத்தனை டிகிரி, பசி எப்படி, கோபம் வருகிறதா, ரத்தப் பரிசோதனையில் என்ன எண்கள் வந்தன, எல்லாம். "இருபத்துநாலு வாரம். எதையும் மறைக்காம எழுதுங்க நாச்சிமுத்து" என்றார். தாராபுரம் பஸ் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக மைக் பிடிக்கிறவன் நான். எந்த பஸ் எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, நடுவில் ஜவுளிக்கடை விளம்பரம், காணாமல் போன மஞ்சள் பை. பேசச் சொன்னால் பேசிவிடுவேன். எழுதுவது பழக்கமில்லை.

நோய் இதுதான். நவம்பரில் குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹெபடைடிஸ் சி என்று வந்தது. கல்லீரலில் குடியிருக்கிற கிருமி. வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் நான்கு ரிபாவிரின் காப்ஸ்யூல். என் மனைவி ருக்மணிக்கும் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை. செலவுக்கு வழி செய்தாயிற்று, அதை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை.

"எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. ஏற்றியிருக்கிறார்கள். 1990இல் குண்டடம் பக்கம் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தொடை கிழிந்தபோது ஒரு பாட்டில். "அந்தக் காலத்துல இந்தக் கிருமிக்கு டெஸ்டே கிடையாது. அப்படி வந்திருக்கலாம். யார் கொடுத்தாங்கன்னு தெரியுமா? அவரும் பார்த்துக்கறது நல்லது."

ஞாபகமில்லை என்றேன்.

ருக்மணி என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த கல்லீரல் படத்தைப் பார்த்தேன். நன்றாக வரைந்திருந்தார்கள்.

முதல் ஊசியை நர்ஸ் போட்டார். இனிமேல் ருக்மணி போடுவாள். சாத்துக்குடியில் தண்ணீர் ஏற்றிப் பழகினாள். ஏழு தடவை குத்தினாள், ஏழாவது தடவை சாத்துக்குடி முனகினாற்போல எனக்குக் கேட்டது. சாயங்காலம் காய்ச்சல் 101.4.

7 ஜனவரி

அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. வேறொன்றுமில்லை.

15 ஜனவரி, ஞாயிறு

பொங்கல். குழந்தைவேலு குடும்பத்தோடு வந்தான். ஆறடி இரண்டங்குலம், கதவில் தலை இடிக்காமல் அவன் நுழைந்ததில்லை. ஊரே அவனைக் குழந்தை என்றுதான் கூப்பிடும். கோயம்புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

கரும்பைக் கடித்துக்கொண்டே, வந்திருந்த ருக்மணியின் தம்பியிடம் தன் பழைய பாட்டை ஆரம்பித்தான். "இந்தா ஒக்காந்திருக்கறானே நாச்சி, இவன் ஒடம்புல ஓடறது பாதி என்ற ரத்தம். தொண்ணூறுல ஒரு பாட்டில் குடுத்தேன். குடுத்துட்டு அங்கயே மயங்கி உளுந்தேன். எனக்குப் பால் ஊத்தறதா, இவனுக்குப் பால் ஊத்தறதான்னு ஆசுபத்திரியில கொழம்பிட்டாங்க." அதற்குப் பிறகு இன்றுவரை அவன் ஊசி போட்டுக்கொண்டதில்லை. காய்ச்சல் வந்தாலும் மாத்திரைதான். ஊசி என்றால் அவனுக்கு அவ்வளவு பயம்.

என் உடம்புக்கு என்ன என்று கேட்டான். ரத்தச் சோகை மாதிரி ஏதோ, கோயம்புத்தூரில் காட்டுகிறேன் என்றேன். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பண்டிகை நாள், வீடு நிறைய ஆட்கள். நேரம் அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பிராந்தியை இன்றும் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

20 ஜனவரி, வெள்ளி

மின்வெட்டு இன்றைக்கு ஒன்பது மணி நேரம். ஊசி மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெயில் காலம். பஸ் நிலையத்து சோடாக் கடையில் ஐஸ் பெட்டி இருக்கிறது. ருக்மணி மருந்தை டப்பாவில் போட்டு, டப்பாவைப் பையில் போட்டு, பன்னீர் சோடா பாட்டில்களுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தாள். மத்தியானம் கடைக்காரர் என் அறிவிப்பு அறை ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணா, உங்க ஊசி ஜில்லுன்னு இருக்குது, இப்பவே போட்டுக்கறீங்களா?" என்று மைக்குக்குக் கேட்கும்படி கத்தினார்.

மூன்றாவது ஊசி. காய்ச்சல் 99.8.

3 பிப்ரவரி, வெள்ளி

எண்கள். ஹீமோகுளோபின் 14.1இலிருந்து 10.4. வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் இறங்கியிருக்கின்றன. பயந்துபோய்க் காட்டினேன். டாக்டரம்மா பயப்படவில்லை.

"இது எதிர்பார்த்ததுதான். காப்ஸ்யூல் சிவப்பணுவை உடைக்கும். ஊசி மத்த ரெண்டையும் கொஞ்சம் அமுக்கும். மருந்து வேலை செய்யுது, கூடவே இதுவும் நடக்குது. நாம எண்களைப் பார்த்துக்கிட்டே போவோம். ரொம்ப இறங்கினா அளவைக் குறைப்பேன். ஆனா அடிக்கடி குறைச்சா கிருமி தப்பிச்சுக்கும். அதனால நீங்களா எதையும் நிறுத்தாதீங்க."

அதாவது ஒரு கயிற்றின்மேல் நடக்கிறோம். டாக்டரம்மா கையில் குச்சி.

மாடிப்படி ஏறினால் இதயம் காதுக்குள் அடிக்கிறது. நல்லவேளை, பஸ் நிலையத்தில் மாடி இல்லை.

7 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். காலையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம். நடக்க முடியாதவர்களெல்லாம் இங்கே வந்து பஸ் ஏறுகிறார்கள். பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. ஸ்டூல்மேல் ஏறி வாயால் கத்தினேன்.

"பழனி செல்லும் பக்தர்கள்..."

மூச்சு தீர்ந்துவிட்டது. நிறுத்தி இழுத்துக்கொண்டேன். அந்த இடைவெளியில் முந்நூறு பேர் "அரோகரா!" என்றார்கள்.

"நான்காவது நடைமேடைக்கு..."

"அரோகரா!"

"வரிசையாக..."

"அரோகரா!"

ஒரு அறிவிப்பு முடிய ஐந்து நிமிடம் ஆயிற்று. மதுரை டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, "அண்ணாச்சி, வருசாவருசம் வர்றேன், இந்த வருசந்தான் பக்தியோட சொல்லியிருக்கீக" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

12 பிப்ரவரி, ஞாயிறு

ரத்தச் சோகை என்று ஊருக்குள் சொல்லிவைத்தது தப்பாகிவிட்டது. இன்று மட்டும் வந்தவை: பேரீச்சம்பழம் இரண்டு பாக்கெட், பீட்ரூட் ஒரு கூடை, முருங்கைக்கீரை மூன்று கட்டு, கறிக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். கடைசியாகக் குழந்தை, ஒரு சொம்பு நிறையப் பப்பாளி இலைச் சாற்றோடு வந்தான்.

"மூக்கைப் புடிச்சிக்கிட்டு ஒரே மூச்சுல குடி."

"எனக்கு ஒரு மூச்சே முழுசா இல்லடா."

ருக்மணி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "இது இரும்புச் சத்துக் குறைவே இல்ல. சாப்பாடா எதுவேணா சாப்பிடட்டும். இலைச் சாறு, கஷாயம், டானிக் எதுவும் என்னைக் கேட்காம வேண்டாம். அந்தக் கல்லீரல் ஏற்கனவே வேலைப்பளுவுல இருக்கு" என்றாராம். குழந்தை முகம் வாடிவிட்டது. தோட்டத்தில் இலை பறித்துத் தானே அம்மியில் அரைத்திருக்கிறான். சாற்றைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினோம்.

போகும்போது, "எனக்குக்கூட இப்பெல்லாம் வண்டியில நின்னா அசதியா இருக்குது. வயசாச்சு" என்றான்.

அவனுக்கு என்ன, நாற்பத்தெட்டுதான்.

17 பிப்ரவரி, வெள்ளி

ஹீமோகுளோபின் 9.2. வெள்ளையணுவில் கிருமியோடு சண்டை போடுகிற வகை எழுநூறுதான் இருக்கிறதாம். பிளேட்லெட் 62,000. ஊசியின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். புது விதிகள்: கூட்டத்தில் மாஸ்க். பச்சைக் காய்கறி வேண்டாம், வேகவைத்தது மட்டும். காய்ச்சல் 101 தாண்டினால் உடனே போன். மெதுவான பிரஷ். மோட்டார் சைக்கிள் வேண்டாம். பிளேடு போட்டுச் சவரம் வேண்டாம், கீறினால் ரத்தம் நிற்க நேரமாகும்.

மறுபடி கேட்டார், ரத்தம் கொடுத்தது யார் என்று ஞாபகம் வந்ததா என்று. விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ருக்மணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வந்தாள். பல்லடத்தில் ஒரே ஒரு வாக்கியம். "விசாரிக்கறதுக்கு அவுரென்ன அமெரிக்காவுலயா இருக்கறாருங்க?"

26 பிப்ரவரி, ஞாயிறு

தாடி வந்துவிட்டது. பழனிக்கு வேண்டுதல் என்று பஸ் நிலையம் முடிவு செய்துவிட்டது. பூக்கார அம்மா தினமும் ஒரு முழம் இலவசமாகக் கொடுக்கிறார். மறுத்தால் சாமி குத்தம் என்கிறார்.

எரிச்சல் வருகிறதா என்று எழுத வேண்டுமல்லவா. இன்று ஒரு ஈயைத் திட்டினேன். பெயர் சொல்லித் திட்டினேன்.

2 மார்ச், வெள்ளி

8.1.

டாக்டரம்மா இன்று தாளை இரண்டு தடவை பார்த்தார். காப்ஸ்யூலை நான்கிலிருந்து மூன்றாக்கினார். சிவப்பணு ஊறுவதற்கு வாரம் ஒரு தனி ஊசி எழுதினார். அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். "அதுக்குள்ள எட்டுக்குக் கீழ போச்சுன்னா, இல்ல நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்துச்சுன்னா, ரத்தம் ஏத்தணும். பேங்க்ல கிடைக்கும். பதிலுக்குக் கொடுக்க ஆள் இருந்தா சொல்லி வையுங்க."

"ரத்தம் ஏத்தி வந்த நோவுக்கு ரத்தமா?" என்று ருக்மணி கேட்டேவிட்டாள்.

"இப்ப ஒவ்வொரு பாட்டிலையும் டெஸ்ட் பண்ணித்தான் கொடுப்பாங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வந்தது குழந்தையின் பஸ்ஸில். டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்தான், ருக்மணி முகத்தைப் பார்த்தான். "என்ன சொன்னாங்க அம்மிணி?" என்றான். அவள் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் அல்ல. ரத்தம் தேவைப்படலாம் என்பதை மட்டும்.

4 மார்ச், ஞாயிறு

குழந்தை காலையிலேயே வந்தான். குடித்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை அப்படிப் பார்த்து எத்தனை வருடம்.

"வெள்ளிக்கெழம லீவு போட்டுட்டேன். உன்ற கூட வர்றேன். தொண்ணூறுல குடுத்த மாதிரி இப்பவும் ஒரு பாட்டில். ரத்தம் சுத்தமா இருக்கோணும்னு பிராந்திய நிறுத்திட்டேன். பேரீச்சம்பழம் திங்கறேன்."

"ஊசிடா குழந்தை. பெரிய ஊசி."

"கண்ண மூடிக்குவேன். வேணும்னா என்ற சம்சாரம் மூஞ்சிய நெனச்சிக்குவேன். அதவிட ஊசி பெருசில்ல."

சிரித்தான். கண்ணை மூடிக்கொண்டிருந்தான், இப்போதே.

6 மார்ச்

காய்ச்சல் இல்லை. குழந்தையிடம் பேசலாம் என்று போனேன். வண்டி கிளம்பிவிட்டது.

7 மார்ச்

போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது சொல்லக்கூடாது.

8 மார்ச், வியாழன்

ருக்மணி பருப்பு தாளித்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு அங்க போனா அவுரு ரத்தத்த எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. அப்ப வேற எவளோ ஒரு புள்ள வந்து சொல்லும். நீங்க சொல்றீங்களா, அந்தப் புள்ள சொல்லட்டுமா?"

கடுகு வெடித்து அடங்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

9 மார்ச், வெள்ளி

கோயம்புத்தூர் போகும் காலை பஸ். ருக்மணி வரவில்லை, வேண்டுமென்றே. குழந்தை இன்று பயணி. ஆனாலும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவால எடம் கெடக்குது" என்று உட்கார்ந்தபடியே வேலை பார்த்தான். மடியில் பேரீச்சம்பழப் பை.

குண்டடம் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"குழந்தை, ஒன்னு சொல்லோணும்."

"ஊசி எத்தாச்சோட்டுப் பெருசா இருக்கும்னுதானே? சொல்லாத."

"எனக்கு இருக்கற நோவு ரத்தச் சோகை இல்ல. சோகை மருந்துனால வந்தது. நோவு வேற. கல்லீரல்ல ஒரு கிருமி."

"செரி."

"ரத்தத்துல வர்ற கிருமி அது."

"செரி."

"எனக்கு ரத்தம் ஏத்துனது ஒரே ஒரு தடவதான்."

வெளியே காற்றாலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவன் ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரித்து முடித்தும் வாயில் போடவில்லை.

"நானா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. நீ டெஸ்ட் எடுத்துப் பாக்கோணும். இருந்தா மருந்து இருக்குது. அதுக்குத்தான் சொல்றேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நவம்பர்ல."

விரல் விட்டு எண்ணினான். "நவம்பரு, டிசம்பரு, சனவரி, பிப்ரவரி. நாலு மாசமா என்ற கூட ஒக்காந்து டீ குடிச்சிட்டு இருந்திருக்கற."

பல்லடத்தில் எழுந்தான். இறங்கிப் போனான். பேரீச்சம்பழப் பை சீட்டிலேயே இருந்தது.

எண்: 8.3. ஏறியிருக்கிறது. ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தம் கொடுத்தவர் யார் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாம் நல்லபடி முடிந்தது. திரும்பி வருகிற வழியில் பேரீச்சம்பழம் சாப்பிட முயன்றேன், இறங்கவில்லை. மருந்துதான் காரணம்.

11 மார்ச், ஞாயிறு

குழந்தை வரவில்லை.

13 மார்ச்

கோயம்புத்தூர் பஸ்ஸில் வேறு கண்டக்டர். நீண்ட லீவு என்றார். காய்ச்சல் இல்லை. பசி இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மத்தியானம் "கோயம்புத்தூர் செல்லும் பேருந்து" என்று ஆரம்பித்து, மூச்சு நிறைய இருந்தும் நிறுத்திவிட்டேன். ஒட்டன்சத்திரம் வண்டி கிளம்பிப்போன பிறகுதான் மைக் கையில் இருப்பது தெரிந்தது.

15 மார்ச்

அவன் வீட்டுக்குப் போனேன். கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் இருக்கிறானாம். அவன் மனைவி என்னைக் காப்பி குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. ருக்மணி சொல்கிறாள், "அண்ணன் கோவிச்சிக்கிட்டுப் போகலீங்க. பயந்துக்கிட்டுப் போயிருக்கறாரு. நீங்க நாலு மாசம் பண்ணுனதத்தான் அவுரு இப்ப நாலு நாளாப் பண்றாரு."

கோபம் வருகிறதா? வருகிறது. அவள் சொல்வதெல்லாம் சரியாக இருப்பதால்.

17 மார்ச், சனி

பதினோரு மணிக்கு அறிவிப்பு அறையின் கதவில் தலை இடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பாமலே தெரிந்தது.

குழந்தை உட்கார்ந்தான். இரண்டு கைகளிலும் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ரெண்டு கையிலயுமாடா?"

"மொதல்ல ஒரு டெஸ்டு. அப்பறம் கிருமி எத்தன இருக்குதுன்னு எண்ணறதுக்கு இன்னொன்னு."

"மயங்குனயா?"

"மொதல் தடவ மயங்குனேன். ரெண்டாவது தடவ ஏற்கனவே பாதி மயக்கந்தான், புதுசா மயங்க ஒன்னுமில்ல." சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். டிக்கெட் மாதிரி நான்காக மடித்திருந்தான். "இருக்குது."

நான் மைக்கை அணைத்தேன்.

"சின்ன வயசுல வெள்ளகோயில்ல ஒரு கம்பவுண்டரு ஊருக்கே ஒரே ஊசியப் போடுவாரு. அதுல வந்திருக்கலாம்னு உங்க டாக்டரம்மா சொன்னாங்க. அவங்ககிட்டத்தான் போனேன். நாச்சிமுத்து சிநேகிதம்னு சொன்னதும், 'கடைசியில வந்துட்டீங்களா'ன்னு கேட்டாங்க." ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி மடித்தான். "இருவத்திரண்டு வருசமா ஒரு பாட்டில் ரத்தம் குடுத்தேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்கறேன்டா. உள்ள என்ன குடுத்திருக்கறேன்னு தெரியாமயே."

"நீ குடுத்தது உசுரு. அது கூட டிக்கெட் எடுக்காம ஒன்னு ஏறிக்கிச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"டிக்கெட் இல்லாம ஏறுனவன எறக்கி உடறதுதான் கண்டக்டர் வேல" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு முகம் மாறியது. "ஆனா ஒன்னு. நவம்பர்லயே நீ சொல்லியிருந்தா, நாலு மாசத்துப் பிராந்திய நான் குடிச்சிருக்க மாட்டேன்."

"தப்புத்தான். பயந்துட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"நீ அழுவேன்னு."

"அழுதேன். பல்லடத்துல ஒரு பேக்கரி முன்னால நின்னு. கடைக்காரன் பாவப்பட்டு ரெண்டு பன்னு குடுத்தான். தின்னுட்டு மறுபடி அழுதேன்."

அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். எனக்கு மூச்சு வாங்கியது, அவன் என் முதுகைத் தட்டினான், பிளேட்லெட் குறைவு மெதுவாகத் தட்டுடா என்றேன். பழனி பஸ் ஏழு நிமிடம் தாமதமாக அறிவிக்கப்பட்டது.

30 மார்ச், வெள்ளி

பன்னிரண்டாவது வாரப் பரிசோதனை. ரத்தத்தில் கிருமி தென்படவில்லை. ஹீமோகுளோபின் 9.4. பிளேட்லெட் 71,000. இன்னும் பாதி தூரம் இருக்கிறது, கொண்டாட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மைசூர்பா வாங்கினோம்.

13 ஏப்ரல், வெள்ளி

குழந்தைக்கு ஸ்கேன். கல்லீரல் லேசாகத் தடித்திருக்கிறது, சுருங்கிப்போகிற அளவுக்கு இல்லை. "இன்னும் நாலஞ்சு வருஷம் கழிச்சு வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்போம்" என்றாராம் டாக்டரம்மா. இதை என்னிடம் சொல்லும்போது அவன் பிராந்தியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

11 மே, வெள்ளி

இன்று ருக்மணிக்கு இரண்டு நோயாளிகள். எனக்குப் பத்தொன்பதாவது ஊசி, குழந்தைக்கு முதலாவது. கட்டிலில் வரிசையாகப் படுத்தோம். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அம்மிணி, குத்தறதுக்கு முன்னால சொல்லீரு, நான் பல்லக் கடிச்சிக்குவேன்" என்றான்.

"குத்தி முடிச்சு ரெண்டு நிமிசம் ஆச்சுங்கண்ணா."

கண்ணைத் திறந்து வயிற்றைப் பார்த்தான். அப்புறம்தான் மயங்கினான்.

15 ஜூன், வெள்ளி

எனக்குக் கடைசி ஊசி. இன்னும் ஒரு வாரம் காப்ஸ்யூல், அவ்வளவுதான். குழந்தைக்கு ஐந்து வாரம் ஓடிவிட்டது, எண்கள் இறங்குகின்றன. ஓடுகிற வண்டியில் நிற்க முடியாது என்று மருத்துவ லீவு போட்டிருக்கிறான். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் என் அறையில் வந்து உட்காருகிறான். தெர்மாமீட்டரை எப்போது வைப்பது, வாய்ப்புண்ணுக்கு எதைக் கொப்பளிப்பது, எந்தப் படி ஏறக்கூடாது, எல்லாம் நான் சொல்கிறேன். ஒன்றையும் கேட்பதில்லை. ருக்மணி சொன்னால் கேட்கிறான்.

20 ஜூலை, வெள்ளி

என் ஹீமோகுளோபின் 12.2. பிளேட்லெட் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். தாடியை எடுத்தேன். பூக்கார அம்மா வேண்டுதல் நிறைவேறியதா என்று கேட்டார். பாதி என்றேன்.

குழந்தைக்கு 9.6. அதற்குக் கீழே இறங்கவில்லை. "உன்னோடது எட்டு, என்னோடது ஒம்பது ஆறு. பள்ளிக்கூடத்துல நீதான் எச்சா மார்க்கு வாங்குன, இதுல நான் பாஸு" என்று பஸ் நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். தம்பட்டம் அடிக்க அவனுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. கேட்கச் சுகமாக இருக்கிறது.

19 அக்டோபர், வெள்ளி

குழந்தைக்குக் கடைசி ஊசி. தூங்கியேவிட்டான்.

14 டிசம்பர், வெள்ளி

மருந்து நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்ப்பதுதான் உண்மையான முடிவாம். எனக்குப் பார்த்தார்கள். கிருமி இல்லை. திரும்பவும் வராது என்றார் டாக்டரம்மா. நோட்டை இனி எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

ருக்மணி அழுதாள். எனக்கு ஏனோ பாதிதான் சந்தோஷம். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது. வைத்திருக்கிறேன்.

26 ஏப்ரல் 2013, வெள்ளி

இன்று குழந்தையின் முடிவு. கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். "நீ வந்தா ரெண்டு பேரும் பயப்படோணும். நான் தனியாப் போனா ஒருத்தன்தான் பயப்படுவான்." கணக்கு சரியில்லை என்று அவனுக்கும் தெரியும்.

காலையிலிருந்து எட்டு அறிவிப்பில் மூன்று தப்பு. ஈரோட்டுக்குப் போகிறவர்களைக் கரூர் வண்டியில் ஏற்றப் பார்த்தேன். டிரைவர் காப்பாற்றினார்.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. திருப்பூர் பஸ்ஸை அறிவித்துக்கொண்டிருந்தேன், பாதியில் நிறுத்தி எடுத்தேன். அந்தப் பக்கம் பஸ் ஹாரன், சத்தம், அதற்கு நடுவில் அவன் குரல். என்ன சொல்கிறான் என்று முதலில் புரியவில்லை.

"இல்லயா?" என்றேன். "இல்லயா? சுத்தமா இல்லயா? டாக்டரம்மா அவங்க வாயால சொன்னாங்களா? இல்லவே இல்லயா? அடேய், இல்லயாடா!"

அவன் அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரித்தான். நானும் என்ன செய்தேன் என்று எழுத வேண்டியதில்லை, ஏனென்றால் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். பஸ் நிலையம் முழுக்க, பதினாறு ஒலிபெருக்கியிலும் அது கேட்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் நடைமேடைகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று என் அறையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சோடாக் கடைக்காரர் கையில் பாட்டிலோடு ஓடி வருகிறார்.

ஜன்னலில் ஒரு அம்மா, இடுப்பில் கோழிக் கூடையோடு, கவலையாகக் கேட்டார். "எந்த பஸ்ஸுங்க இல்ல? திருப்பூர் பஸ்ஸுங்களா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாயருகே இழுத்தேன்.

"திருப்பூர் பஸ் இருக்குதுங்கம்மா. இரண்டாவது நடைமேடையில நிக்குது. போய் நல்லா ஒக்காருங்க. எல்லா பஸ்ஸும் இருக்குதுங்க."